சிறப்புப் பயிற்சி மையங்களில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள்
(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



உங்கள் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எமிஸ் பார்க்காமலேயே எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். யாருக்குச் சக்கர நாற்காலி வந்தது, யாருக்குக் காதொலிக் கருவி இன்னும் வரவில்லை என்பதும் நம் நினைவில் இருக்கும். ஆனால் உங்கள் பள்ளியோடு இணைந்த சிறப்புப் பயிற்சி மையத்தில் அப்படி எத்தனை பேர் என்று கேட்டால்? இந்தக் கேள்வியை எங்கள் குறுவளமையக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தலைமையாசிரியர், "அங்கே இருக்கிற எல்லோருமே சிறப்புத் தேவைதானேம்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இரண்டு இடத்திலும் 'சிறப்பு' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், அதுதான் சிக்கல். சிறப்புப் பயிற்சி என்பது கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 4-ஆம் பிரிவு தந்தது. பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து படிக்க முடிகிறவரை தனிப்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. மாதிரி விதிகளின்படி குறைந்தது 3 மாதம், அதிகம் போனால் 2 ஆண்டு. சிறப்புக் கல்வி என்பது வேறு. அது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் வழியாக வருவது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016-இல் அவை 21 ஆயின. கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசமும் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தன.

ஒரு குழந்தைக்கு இந்த இரண்டு உரிமையும் ஒரே நேரத்தில் இருக்கலாம். செங்கல் சூளையிலிருந்து வந்த, மூன்று ஆண்டுகள் பள்ளிப் பக்கமே போகாத, ஒரு காது கேட்காத குழந்தையை எண்ணிப் பாருங்கள். நடைமுறையில் அந்தக் குழந்தைக்கு முதல் உரிமைதான் கிடைக்கிறது. மையத்தில் சேர்த்தாயிற்று, உணவு உண்டு, புத்தகம் உண்டு. இரண்டாவது உரிமையைக் கேட்க ஆள் இல்லை. மையத்தை நடத்தும் தன்னார்வலருக்கு அது தெரியாது. சிறப்புப் பயிற்றுநர் கையில் இருப்பது பள்ளிகளின் பட்டியல், அதில் மையத்தின் பெயர் இருக்காது. இணைப்புப் பள்ளியோ, 'அது மையத்துப் பிள்ளை' என்று சொல்லிவிடுகிறது. இப்படி மூன்று கைகளுக்கு நடுவில் குழந்தை நழுவி விழுகிறது.

இதைச் சொல்லும்போது சிலர், 'அதற்குத் தனி ஆணை இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். ஆணை தேட வேண்டியதில்லை. மையத்தில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் அருகிலுள்ள பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. சேர்க்கை எண் நம்முடையது, எமிஸ் எண் நம் பள்ளியின் கீழ் இருக்கிறது. அப்படியென்றால் 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு கல்வி நிறுவனத்துக்கு விதிக்கும் கடமைகள் அத்தனையும் அந்தக் குழந்தைக்கும் பொருந்தும். கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு முன்கூட்டியே கண்டறிவதும் அந்தக் கடமைகளில் ஒன்று. குழந்தை படிக்கிற இடம் சமுதாயக்கூடமா, சூளையோரத்துத் தகரக் கொட்டகையா, நம் பள்ளியின் மூன்றாவது அறையா என்று சட்டம் பார்ப்பதில்லை.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் தனியாகச் சிறப்புப் பள்ளிகள் இருந்தது மூத்த ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். 1988-இல் தொடங்கிய அந்தத் திட்டம் சில ஆண்டுகளுக்கு முன் சமக்ர சிக்ஷாவோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே தீப்பெட்டி, பட்டாசு, விசைத்தறி வேலையிலிருந்து மீட்கப்படும் பிள்ளைகளும் இப்போது நம் பொறுப்பில்தான் வருகிறார்கள். 'அது தொழிலாளர் துறை' என்று கைகாட்ட இனி வழியில்லை.

சரி, மையத்துக்குள் போவோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. படிக்காத பிள்ளையையும் படிக்கச் சிரமப்படும் பிள்ளையையும் முதல் வாரத்திலேயே பிரித்துவிட முடியாது. பதினொரு வயதுப் பையன் ஒருவன் 'அம்மா' என்ற சொல்லைப் படிக்கவில்லை என்பதால் மட்டும் அவனுக்குக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. அவன் முன்னால் யாரும் எழுத்தை வைக்கவே இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு ஆண்டு மையத்தில் இருந்தும் எழுத்து நிற்கவில்லை என்றால், 'பாவம், இடைநின்ற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவதும் தவறு. அதற்குள் அவனுக்குச் சட்டம் கொடுத்த காலம் தீர்ந்திருக்கும். அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்பில் உட்கார வைப்போம். தீபாவளிக்குள் அவன் வரமாட்டான்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நானும் எங்கள் மையத் தன்னார்வலரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு பக்கம். வாரம் ஆறு எழுத்துக்குமேல் புதிதாகக் கொடுப்பதில்லை. திங்களன்று அறிமுகம் செய்ததில் செவ்வாயன்று எத்தனை நினைவிருந்தன, அடுத்த திங்களன்று எத்தனை நின்றன என்று இரண்டு எண் மட்டும் எழுதுவோம். ஆறேழு வாரத்தில் அந்தப் பக்கம் பேச ஆரம்பித்துவிடும். வாய்ப்பே இல்லாமல் இருந்த பிள்ளைக்கு எண்கள் வேகமாக ஏறும், பல நேரம் நாம் எதிர்பார்த்ததைவிட வேகமாக. சிரமமுள்ள பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை ஆறு இருக்கும், அடுத்த திங்களன்று ஒன்றோ இரண்டோ. நாள்தோறும் வந்தும் இதே நிலை தொடர்ந்தால் சிறப்புப் பயிற்றுநரை அழைக்க வேண்டிய நேரம் அது.

தமிழ் எழுத்தில் எங்கே இடறுகிறார்கள் என்பதையும் அந்தப் பக்கத்தில் குறிக்கிறோம். ல-ள-ழ, ன-ண-ந குழப்பம் நம் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு, அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. நான் கவனிப்பது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் ஒரு வரிசையில் பார்க்க, வாய் இன்னொரு வரிசையில் சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் சில வாரத்தில் தாண்டிவிடும் இந்த இடத்தில் ஒரு சிலர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டிச் சரியாகவே படிப்பார்கள், ஆனால் ஒரு வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்து போயிருக்கும். தமிழில் பிழையாகப் படிப்பதைவிட, மிக மெதுவாகப் படிப்பதைத்தான் நாம் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். பதினோரு வயது. எழுத்து நிற்கவே இல்லை. தாயார், "அவனுக்கு மண்டையில ஏறாது டீச்சர், சின்னதுலேர்ந்தே அப்படித்தான்" என்றார். ஆனால் ஒரு நாள் அவனிடம் பேச்சுவாக்கில் சூளைக் கணக்கு கேட்டேன். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்றால் நேற்று அறுத்த ஆயிரத்து நானூறு கல்லுக்கு எவ்வளவு, அதில் மேஸ்திரி முன்பணத்துக்குப் பிடித்தது போக எவ்வளவு என்று கேட்டதும் வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டான். நான் தாளில் போட்டுப் பார்த்துத்தான் சரி என்று தெரிந்துகொண்டேன். வாய்க்கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று எழுத யாருக்கும் உரிமையில்லை. இந்த ஒரு செய்தியை நோட்டில் எழுதி வைத்தது பின்னால் மருத்துவ முகாமில் உளவியலாளருக்குப் பெரிதும் உதவியது.

கற்றல் குறைபாட்டுக்கான சான்று 8 வயதுக்குப் பிறகே தருகிறார்கள். மையத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டியவர்கள், எனவே தாமதிக்கக் காரணமே இல்லை. சான்று கையில் இருந்தால்தான் பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். ஆறாம் வகுப்பில் வாங்காத சான்றுக்குப் பத்தாம் வகுப்பில் ஜனவரி மாதம் ஓடுகிற பெற்றோரை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அடுத்து, மொழி. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே ஒடியா மொழிப் புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டே பணியிடப் பள்ளிகள் நடத்தியிருக்கிறார்கள். மற்ற மாவட்டங்களில் தெலுங்கு பேசும் பிள்ளைகள், இந்தி பேசும் பிள்ளைகள் உண்டு. நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தை வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. இந்தக் குழந்தையிடம் தமிழில் ஐந்து கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்று அறிவுசார் குறைபாட்டுக் கட்டத்தில் குறியிடுவது பெரிய அநியாயம். கேள்வியைத் தாய்மொழியில் கேட்க ஆள் தேடுங்கள். அக்காவோ அண்ணனோ போதும். 'உன் தம்பி உங்கள் பேச்சிலே நன்றாகப் பேசுவானா, கடைக்கு அனுப்பினால் சொன்னதை வாங்கி வருவானா' என்று அவர்களிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். தாய்மொழியிலும் பேச்சு பிந்தியிருந்தால் மட்டுமே அது பேச்சுக் குறைபாடு.

காது பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மையத்துப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்தது சீழ் வடியும் காது. தாய்மார்கள் எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டு விட்டுவிடுவார்கள். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 'சொல்பேச்சுக் கேட்கமாட்டாள்' என்ற பெயரோடுதான் எங்களிடம் வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று, உதட்டைக் காட்டாமல், மெல்லிய குரலில் பெயரைக் கூப்பிட்டோம். வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பினாள், இடப்பக்கம் அசைவே இல்லை. அரசு மருத்துவமனையில் காட்டினோம், செவிப்பறையில் ஓட்டை. மருந்தில் சீழ் நின்றது. வலக்காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி இடத்தை மாற்றினோம். செலவு ஒன்றுமில்லை, பேருந்துக் கட்டணம்கூட இல்லை. அதற்கு முந்தைய ஊரில் அவள் 'அடங்காப்பிடாரி'.

தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு நம் பள்ளிகளுக்கு வருகிறதல்லவா? வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். அன்று காலை மையத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்துவிடுங்கள், மற்றவர்களோடு வரிசையில் நிற்கட்டும். சூளைக்கு மருத்துவக் குழுவை வரவழைக்கக் கடிதம் எழுதிக் காத்திருப்பதைவிட இது எளிது. நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சமக்ர சிக்ஷா நடத்தும் மருத்துவ முகாமுக்கும் இதே வழிதான். நலம் நாடி செயலியில் பதிவேற்றும்போது மையத்துப் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

வகுப்பில் தூங்குகிற பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூளையில் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க நள்ளிரவு தாண்டியதுமே எழுந்துவிடுவார்கள். பிள்ளைகளும் எழுந்து பச்சைக் கல்லைத் திருப்பிப் போடுவார்கள். பத்து மணிக்கு வகுப்பில் கண் சொருகினால் அது குறைபாடு அல்ல, குழந்தை உழைப்பு. அதற்குத் தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சூளைக்காரரிடம் பேச வேண்டும், தேவைப்பட்டால் 1098-க்கு அழைக்க வேண்டும். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளை பாடத்தின் நடுவில் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காதது போல் மீண்டும் எழுத ஆரம்பித்தால் அதைக் குறித்து வையுங்கள். ஒரு நாளில் பல முறை இப்படி நடந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். மருத்துவர் பார்க்க வேண்டும்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் இடம்பெயரும்போது முதலில் நிற்பது மாத்திரைதான். சொந்த ஊர் மருத்துவமனைச் சீட்டு ஊரிலேயே இருக்கும். மையத்தில் சேர்க்கும் நாளன்றே 'ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா' என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால், கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயாவோ நேதாஜி பெயரிலான விடுதிப் பள்ளியோ எதுவானாலும், இரவு மாத்திரை யார் பொறுப்பு என்று காப்பாளர் எழுதி வைக்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலுள்ள கல், பெஞ்சை நகர்த்திவிட்டு, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

இனி சிறப்புப் பயிற்றுநர்கள் பற்றி. அவர்கள் மேல் நான் குறை சொல்ல வரவில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. நம் ஒன்றியத்தில் இருக்கிற சிறப்புப் பயிற்றுநர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பள்ளிகளுக்கு இருசக்கர வண்டியில் அலைகிறார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வீட்டுவழிக் கல்விக் குழந்தைகள் வேறு. ஆகவே மையத்துக்கு வாரம் இரண்டு நாள் வாருங்கள் என்று கேட்பது நடக்காத காரியம்.

நாங்கள் கேட்டது மாதம் ஒரு நாள். அன்று அவர் குழந்தைக்குப் பாடம் நடத்த வேண்டாம், தன்னார்வலருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த நான்கு வாரத்துக்கு இரண்டே இரண்டு இலக்குகள் எழுதித் தருவார். தனிநபர் கல்வித் திட்டம் என்று பயிற்சிகளில் பெரிய படிவம் காட்டுகிறார்களே, அதன் சாரம் இதுதான். 'மணலில் விரலால் எழுதி மூன்று எழுத்து', 'தன் பெயரைத் தானே எழுதுதல்' என்ற அளவில் இலக்கு இருந்தால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தன்னார்வலரும் செய்துவிடுவார். 'மொழித்திறனை மேம்படுத்துதல்' என்று எழுதினால் நானும் செய்யமாட்டேன், நீங்களும் செய்யமாட்டீர்கள்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சமக்ர சிக்ஷாவில் சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு இருக்கிறது. பெண் குழந்தைகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை உண்டு. போக்குவரத்துப் படி, துணையாள் படியும் உண்டு. எதுவும் பதிவு இல்லாமல் வராது. சூளைக் குடும்பங்களிடம் ஆதார் இருக்கும், அதில் சொந்த ஊர் முகவரி இருக்கும், வங்கிக் கணக்கு ஊரில் இருக்கும். தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இது ஒரு தலைவலி. அட்டை வரும்வரை காத்திருக்காமல், கற்பித்தல் வேலையைத் தொடங்கிவிடுங்கள். முன்வரிசையில் இடம், பெரிய எழுத்தில் அட்டை, கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு எந்த அட்டையும் வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டு முடிந்தும் தயாராகாத பிள்ளையை என்ன செய்வது? மையத்திலேயே இன்னும் ஓர் ஆண்டு வைத்துக்கொள்ளலாமே என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மையம் வயதுக்கேற்ற வகுப்புக்குப் போகும் வழி மட்டுமே, அங்கேயே தங்கிவிட அல்ல. வகுப்பில் சேர்த்த பிறகும் ஆசிரியர் தனிக்கவனம் தர வேண்டும் என்றே மாதிரி விதிகள் சொல்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. எனவே வகுப்புக்கு வரட்டும், உதவி அவனோடு சேர்ந்து வரட்டும். எண்ணும் எழுத்தும் பயிற்சித் தாள்கள் ஏழாம் வகுப்பு மாணவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவன் கூச்சப்படாமல் இருக்க அட்டையைக் கிழித்துவிட்டுக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். தன் வயதுப் பையன்களோடு கபடி ஆடுவதும் மதிய உணவுக்கு உட்காருவதும் மையத்தில் கிடைக்காதவை.

கடைசியாக ஒரு தாள். மழை தொடங்கும் முன் சூளை அணைந்துவிடும். ஒரே இரவில் லாரியில் ஏறிப் போய்விடுவார்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்கக்கூட வரமாட்டார்கள். ஆகவே மே மாத முதல் வாரத்திலேயே சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கத் தாள் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயார் கையில் கொடுத்துவிடுகிறோம். எமிஸ் எண், எந்தக் காது கேட்கும், என்ன மாத்திரை, எந்த எழுத்துவரை வந்திருக்கிறது, எப்படிச் சொல்லிக் கொடுத்தால் புரிகிறது, எங்கள் பள்ளியின் கைப்பேசி எண். 'வலப்பக்கம் நின்று பேசவும்' என்பதைப் பெரிய எழுத்தில் எழுதினோம். போன ஆண்டு நான்கு பேருக்குக் கொடுத்தோம். ஒரு பள்ளியிலிருந்து மட்டும் அழைப்பு வந்தது. அந்தச் சிறுமியின் ஆசிரியை அவர். தாளைப் படித்துவிட்டு, காதுக்கு அடுத்து எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டார். மற்ற மூவரைப் பற்றி இன்னும் செய்தி இல்லை. எமிஸ் எண்ணை வைத்து வட்டார வள மையத்தின் வழியாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தத் தாளின் மாதிரியும் நோட்டின் இரண்டு பக்கங்களும் நகலெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலருகே மேசையில் இருக்கின்றன. உணவு இடைவேளைக்குப் பிறகு, உங்கள் பள்ளியோடு இணைந்த மையங்களின் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குறுவளமைய வாரியாக உட்காருங்கள். சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள், மாதத்தில் எந்த நாள் என்பதை இன்றே முடிவு செய்துவிடலாம்.